துண்டு போட்டுப் பிடித்த இடம்

சம்பத்,

நேற்று போனில் உன்னிடம் ஒரு விஷயம் பேச ஆரம்பித்தேன். நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிப்பா" என்றாய். எதற்குடா சரி என்று கேட்டேன். "நீ சொல்றதுக்குத்தான்" என்றாய். நான் இன்னும் எதையும் சொல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். கண்ணாடி மூக்கை உறுத்துகிறது என்றேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ நடுவில் புகுந்து சரி சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் படித்தாக வேண்டும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு வந்து விழும். ஒருவன் துண்டு, இன்னொருவன் மஞ்சப்பை. பௌர்ணமி கிரிவல நாள் என்றால் கேட்கவே வேண்டாம், சில அம்மாக்கள் கைக்குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே நீட்டி, யாரையாவது பிடித்து சீட்டில் உட்கார வைக்கச் சொல்லிவிடுவார்கள். குழந்தை கத்தும். ஆனால் இடம் பிடித்தாகிவிட்டது. துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவனுக்கும் துண்டுக்குச் சொந்தக்காரனுக்கும் நடக்கும் சண்டையைத் தினமும் நான்தான் தீர்த்து வைப்பேன். என் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். துண்டு முதலில் வந்ததென்றால் இடம் துண்டுக்காரனுக்கு. துண்டுக்குக் கால் வலிக்குமா, வெயில் படுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது துணி. நானும் உங்கம்மாவும் உன்னை அப்படித்தான் போட்டு வைத்தோம். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உங்கக்கா உண்ணாமலைக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. நீ பிறக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு டியூட்டி. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். காய்ச்சல்தானே, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று நான் விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள் அவளைத் தூக்கி நிறுத்தினால் கால் நிற்கவில்லை, துணி மாதிரி மடங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு வரிசை இருந்தது. உண்ணாமலையைத் தூக்கிக்கொண்டு அதில் நிற்க முடியாது. நீ நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, ஐந்தாறு வயதானதும் எங்களுக்கு இன்னொரு கை வந்த மாதிரி இருந்தது. டோக்கன் வரிசையில் நீ. மருந்து வரிசையில் நீ. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேனோடு நீ. கோயிலில் நீ முன்னால் போய் நிற்பாய், கிட்டே நெருங்கியதும் நாங்கள் அவளை இட்டுக்கொண்டு வருவோம். "எங்க பையன் நிக்கறான்ங்க" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வருவோம். ஒரு நாளாவது நீ கால் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. உன்மேல் பழியைப் போடுகிறேன் பார். ஆறு வயதுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

அந்தத் தீம் பார்க்குக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆறாவது முழுப்பரீட்சை எழுதியிருந்தாய். அக்காவுக்குப் பதினாலு வயது. அந்த வருஷம்தான் வேலூரில் அவள் காலில் நரம்பை நீட்டி விடுகிற ஆபரேஷன் செய்தார்கள். மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருந்தாள். அரிப்பு தாங்காமல் உங்கம்மாவின் பின்னல் ஊசியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிவாள். அவளைச் சமாதானம் செய்ய, கட்டுப் பிரித்ததும் எங்கே கேட்டாலும் கூட்டிப் போகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். மகாபலிபுரம் கேட்பாள், மிருகக்காட்சி சாலை கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். சென்னைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த இடம். ராட்சத ராட்டினம், கோப்பை மாதிரி சுற்றுகிற வண்டி, முன்னும் பின்னும் ஆடுகிற கப்பல். "கால் வேலை செய்யாதவங்களும் பறக்கலாம்ல" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எனக்கு என்ன தெரியும், ராட்டினம் என்றால் தேர்த் திருவிழாவில் மாட வீதியில் கையால் சுற்றுவார்களே, அதுதான் தெரியும்.

விடியற்காலை முதல் பஸ். செஞ்சி தாண்டும்வரை நீதான் ஜன்னல் ஓரம், அதற்குப் பிறகு அக்கா என்று பேசி வைத்திருந்தோம். செஞ்சிக்கு முன்னாலேயே நீ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்துவிட்டாய். அங்கே போய் இறங்கி உள்ளே நுழைந்தோம். அத்தனை கூட்டம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் முன்னால் இரும்புக் கம்பி கட்டி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒரே ஆள் நுழைகிற அகலத்தில் பாதை. இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புச் சட்டமும் அக்குளில் கட்டையுமாக நடக்கிற பெண் அதில் திரும்பவே முடியாது. கட்டை வெளியே இடிக்கும். நிழலும் கிடையாது. ராட்டினத்தின் வாசலில் இருந்த பையனிடம், "ஊனமுற்ற புள்ளைங்களுக்குத் தனி வழி இருக்குதா தம்பி?" என்று கேட்டேன். "வெளிய வர்ற பக்கம் போய்க் கேளுங்க சார்" என்றான். வெளியே வருகிற பக்கம் போனேன். அங்கே இருந்தவன், "இது எக்ஸிட்டுங்க. உள்ள போற பக்கம் கேளுங்க" என்றான். திரும்ப வந்தேன். முதல் பையன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். டை கட்டிய ஒரு மேனேஜரைத் தேடிப் பிடித்தேன். அவர் நல்ல மனிதர்தான். "பாவமாத்தான் இருக்குதுங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே லைன், நான் இன்னா பண்றது" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பஸ்ஸில் நானே எத்தனை பேரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு என் கண்டக்டர் புத்தி வந்தது. ஜூஸ் கடை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அக்காவையும் அம்மாவையும் அங்கே உட்கார வைத்தேன். என் சட்டைப்பையில் டியூட்டி விசில் இருந்தது. பழக்கதோஷம், லீவு நாளிலும் அது பையில் இருக்கும். அதை உன் கையில் கொடுத்து, "நீ போய் நில்லு. கேட்டுக்குக் கிட்ட போனதும் ஊது. அக்காவைத் தூக்கினு வந்துடறேன்" என்றேன். "சரிப்பா" என்றாய். நீ கம்பிக்குள் நுழைந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்கு உன் தலை போய்ப்போய்த் திரும்பியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விசில் சத்தம் கேட்டது. நீ ஊதியது அச்சு அசல் நான் ஊதுவது மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பிக்குள் புகுந்தேன். பதினாலு வயதுப் பெண். முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். "நான் நடக்கறேன், எறக்கி வுடு" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் காதில் வாங்கவில்லை. "கொஞ்சம் வழி வுடுங்க, புள்ளைக்கு முடியல" என்று கத்திக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற ஒருத்தர், "ஒரு பையன் நிப்பான், குடும்பமே ஏறுவீங்களா? நாங்கல்லாம் இன்னா வேடிக்கை பாக்கவா வந்தோம்?" என்றார். இன்னொரு அம்மா, "வுடுங்க, நொண்டிப் பொண்ணு, பாவம்" என்றாள். முதலில் சொன்னவரைவிட இந்த அம்மாதான் உண்ணாவை அழ வைத்தாள். என் தோள் நனைந்தது. ஏறுகிற இடத்தில் பெட்டிக்கு நாலு பேர். இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பாக்கி இரண்டு இடம். பின்னால் சத்தம் அதிகமாகிக்கொண்டே போனது. எனக்குள் இருந்த கண்டக்டர் முழித்துக்கொண்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திரும்பி நின்று, "பையன் எறங்கிக்குவான்ங்க. அவன் நின்ன எடத்துலதான் பொண்ணு ஏறுது. நான் சும்மா துணைக்கு" என்று தீர்ப்புச் சொன்னேன். கூட்டம் அடங்கிவிட்டது. உன்னிடம், "நீ அடுத்ததுல போய் நில்லு, அதுல ஏறிக்கலாம்" என்றேன். "சரிப்பா" என்றாய்.

மேலே போனதும் உண்ணா அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன், வாயைப் பொத்தாமல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அடுத்து கோப்பை வண்டி. அதிலும் அதே மாதிரிதான் ஆனது. அப்புறம் குட்டி ரயில். அதில் உங்கம்மா துணைக்கு ஏறினாள், அவளுக்கும் ஆசை. நீ விசிலோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். கடைசியாகக் கப்பல். அதற்குத்தான் கூட்டம் ஜாஸ்தி. நீ ஊதியதும் வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு வந்தேன். அங்கே நின்ற ஆள் இரும்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே வைத்தான். "இவங்கள ஏத்த முடியாதுங்க. ரூல்ஸ்" என்றான். உண்ணா என் தோளிலிருந்து தானாகவே வழுக்கி இறங்கி, கட்டையை ஊன்றி நின்று, பக்கத்தில் இருந்த போர்டைப் படித்தாள். "இதய நோயாளிங்க, கர்ப்பிணிப் பொண்ணுங்க, குடிச்சவங்கன்னுதான் போட்டிருக்குது. காலைப் பத்தி ஒண்ணும் போடலையே?" என்று கேட்டாள். அவன், "எழுதலன்னா இன்னா, பாத்தாலே தெரியுதுல்ல" என்றான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரே ஒரு தடவை, நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவள், "கெஞ்சாதப்பா, வா போலாம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது நீ கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாய். கப்பல் உனக்கு முன்னால் காலியாக நின்றது. அந்த ஆள் உன்னைப் பார்த்து, "தம்பி, நீ ஏறு" என்றான். நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். அவன்மேல் வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து உன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "அக்கா ஏறல, ஒனக்கு மட்டும் இன்னாடா?" என்றேன். உன் முட்டி கம்பியில் இடித்து ரத்தம் வந்தது. நீ விசிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஒரு காரியம் மட்டும் எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது, அவ்வப்போது குத்தும். அதைத் தவிர அந்த நாள் நன்றாகத்தான் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிப்போவில் போய், "எம் பையன் நாலு மணி நேரம் நின்னான், ஒரு வார்த்தை பேசல, தங்கம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் மூக்குத் தோல் வெயிலில் உரிந்து ஒரு வாரம் இருந்தது. உங்கம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள்.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். போன மாதம் கீழ்பென்னாத்தூரில் தேவி வீட்டுக் கூடத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசினேன் அல்லவா? "எங்க காலத்துக்கப்பறம் எம் பொண்ணு இவன்கூடத்தான் இருப்பா. இதுக்குச் சம்மதம்னா தட்டை மாத்திக்கலாம்." உன்னை நான் முன்னாடியே கேட்கவில்லை. தேவியைக் கேட்கவில்லை. இதில் பெரிய கூத்து, உண்ணாவையே கேட்கவில்லை. அந்த வீட்டு வாசலில் படி ஜாஸ்தி என்று அவளை நாங்கள் கூட்டிக்கொண்டே வரவில்லை. அவள் இல்லாத இடத்தில் அவளை யாரிடம் விடுவது என்று பேசி முடித்தேன். உன் மாமனார் வேர்க்கடலை வியாபாரம் பேசுகிற மனிதர், உடனே வாய் திறக்க மாட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அவங்களும் எங்க பொண்ணு மாதிரிதாங்க" என்றார். தேவி தலையைக் குனிந்தே வைத்திருந்தாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ "சரிப்பா" என்றாய். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டேன், இனி எவன் வந்தாலும் இடம் நம்முடையது என்கிற நிம்மதி.

உங்கம்மா வாய் சும்மா இருக்குமா? போன ஞாயிற்றுக்கிழமை உண்ணாவிடம் போனில் சொல்லிவிட்டாள். அவள் ஆசிரமத்துப் பக்கம் அந்த டிராவல்ஸ் கடையில் வெள்ளைக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டு, பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த அவளுடைய வண்டியில் வந்து இறங்கினாள். காலில் சட்டத்தைக்கூடக் கழற்றவில்லை. நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, "அன்னிக்குத் தீம் பார்க்ல தம்பி எதுல எதுல ஏறினான், சொல்லு" என்றாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ராட்டினம் என்றேன். "அது நீயும் நானும்." கோப்பை. "அதுவும் நீயும் நானும்." ரயில். "அது அம்மாவும் நானும்." கப்பல் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். "ஒண்ணுலயும் ஏறலப்பா" என்றாள். "மேல போனப்ப நான் கீழ பாத்தேன். அவன் வெயில்ல அடுத்த லைன்ல நின்னுனு இருந்தான். ஒவ்வொரு தடவையும் பாத்தேன்."

 அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.  "சொன்னா நீ என்னையும் எறக்கி வுட்டிருப்ப. எனக்கு ஏறணும்னு இருந்துச்சு" என்றாள். "அதை நெனச்சா எனக்கு இன்னும் வெக்கமாத்தான் இருக்குது. அதுக்காகவாவது சொல்றேன், இன்னொரு தடவை அவனை எனக்காக நிக்க வெக்காத. எனக்கு எங்க இருக்கணும்னு நீ என்னைக் கேளு. அவனுக்கு இன்னா வேணும்னு அவனைக் கேளு." உங்கம்மா அழ ஆரம்பித்தாள். உண்ணா அழவில்லை. சட்டத்தின் பெல்ட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வருஷம் ஒரு விஷயம் என் கண்ணில் படவே இல்லை, பார். அந்தப் பயணத்தில் நீ எதிலும் ஏறவில்லை என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளை ஏறினானா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வண்டியில் எத்தனை தலை என்று நாளைக்கு இருபது தடவை எண்ணியவன் நான். இதற்கு நான் என்ன பரிகாரம் செய்ய முடியும்? இருபத்தாறு வயது ஆளை இப்போது கூட்டிப் போய் ராட்டினத்தில் ஏற்றினால் அந்தப் பதினோரு வயதுப் பையனுக்குப் போய்ச் சேருமா? அந்த வயதைப் பிடித்துக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

புதன்கிழமை கீழ்பென்னாத்தூர் போனேன், உங்கம்மாவிடம்கூடச் சொல்லாமல். உன் மாமனார் களத்தில் காயப்போட்ட கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார்கள். நான் பஸ்ஸில் போகும்போது நாலைந்து மாதிரி ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேங்க. எம் பொண்ணு விஷயத்துல உங்க பொண்ணுக்கு எந்தக் கட்டாயமும் கெடையாது" என்று சொல்லிவிட்டேன். அவர், "அதெல்லாம் இன்னாங்க, நாங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார். ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது. உள்ளேயிருந்து தேவியின் அம்மா எட்டிப் பார்த்து, இன்னொரு டம்ளர் மோர் வேண்டுமா என்று கேட்டாள். நான் நியாயமான காரியம்தான் செய்தேன். அப்படியிருந்தும் அந்த முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. என் பெண் இல்லை என்றால் இவ்வளவு சந்தோஷமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அவர்களும் நல்ல மனிதர்கள்தான், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். வருகிற வழியெல்லாம் மலை வலது பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி உண்ணாவுக்கு யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவள் "எனக்கு நான் இருக்கேன்ல" என்கிறாள். சம்பாதிக்கிறாள், வண்டி ஓட்டுகிறாள், இங்கிலீஷில் வெள்ளைக்காரர்களைத் திட்டுகிறாள், எல்லாம் சரி. ஆனால் போன மழைக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து, உங்கம்மா மார்க்கெட்டிலிருந்து வரும்வரை தரையிலேயே கிடந்தாள். நான் வெளியே போயிருந்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். இதோ சத்தியத்தையும் மீறிவிட்டேன். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, உங்கம்மாவுக்கு முட்டி போய்விட்டது. நாங்கள் இருவரும் இல்லாத ஒரு நாளை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உன்னிடம் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் கேட்கவும் முடியவில்லை. நீ மனசாரச் சொல்கிறாயா, பழக்கத்தில் சொல்கிறாயா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தை நான்தான் அழித்தேன்.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேவி சினிமாவுக்குப் போகலாமா கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டால், உனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல். வத்தக்குழம்பா சாம்பாரா என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை. இரண்டையும் தலையாட்டிச் சாப்பிடுகிறவனோடு ஒரு பெண் எப்படி வாழ்வாள்? அவளுக்கு உன்னைப் பிடிக்காமல் போகாது, ஆனால் நீ யார் என்று தெரியாமல் போகும். எனக்கே தெரியாமல் போயிற்றே. அப்புறம், உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், எங்கேயாவது கூட்டிப் போனால், எல்லாரும் ஏறினார்களா என்று ஒரு தடவை எண்ணிப் பார்.

உண்ணாவுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. உன் கல்யாணம் முடிந்ததும் உங்கள் இரண்டு பேரையும் அதே இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். இப்போது அங்கே தனி வழி விட்டிருக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் பார்த்தாளாம். எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாவிட்டால் மடக்கு நாற்காலியில் அவள் வரிசையில் உட்கார்ந்து இடம் பிடிப்பாளாம், நீங்கள் ஜூஸ் கடையில் இருக்க வேண்டுமாம். விசிலை இப்போதே என்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். நான் அவளிடம், தம்பி வருகிறானா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "கேளு" என்றாள்.

அதனால் கேட்கிறேன். அங்கே வர உனக்கு ஆசை இருக்கிறதா, இல்லையா? உங்கக்கா எங்களுக்குப் பிறகு உன்னோடு இருப்பது உனக்குச் சம்மதமா, இல்லையா? தேவியிடம் பேசினாயா, அவள் என்ன சொல்கிறாள்? முடியாது என்றால் முடியாது என்று எழுது. கோபம் இருந்தால் எழுது. அன்றைக்குக் கப்பலில் ஏறவிடாமல் என்னைப் பிடித்து இழுத்தாயே என்று திட்டியாவது எழுது, நான் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு வாரமானாலும் பரவாயில்லை, ஒரு மாசமானாலும் காத்துக்கொண்டிருப்பேன். தயவுசெய்து 'சரிப்பா' என்று மட்டும் எழுதிவிடாதே.

அப்பா